பாண்டியின் அட்டையில் ஏழு இடம்

மகாராணி தன் மகள் சுஜிதாவைப் பெண் பார்க்க ஆள் வரும் விஷயத்தைத் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. முதல் இரண்டு வரன்களும் தட்டிப்போனதற்கு எங்கள் கண்தான் காரணம் என்பது அவள் முடிவு. முதல் வரனுக்கு ஜாதகம் பொருந்தவில்லை. இரண்டாவது மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. இருந்தாலும் பழி எங்கள் கண்ணுக்கு. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்க்கா" என்று என்னிடம் சொன்னாள். வெள்ளையடிக்கிற வீட்டிலிருந்து பத்தரை மணிக்குக் கேசரி வாசம் வந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. தானாகத் தெரிகிற விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதை இல்லை.

பதினொரு மணிக்குத் தேவாரம் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அன்னக்கொடி மாம்பழ நிறப் பட்டில் இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை அழகுராஜா, நீலச் சட்டை, குனிந்த தலை. அவர்களுக்குப் பின்னால் பைக்கில் கேமராவோடு நம்ம ஊர் பாண்டி.

பெண் பார்க்க எதற்குப் போட்டோகிராபர்? இதற்கு விடை என் வீட்டுக்கு அடுத்த சாந்தகுமாரி மளிகைக் கடையில் கிடைத்தது. கார் டிரைவர் அங்கேதான் கலர் குடிக்க வந்தார். மாப்பிள்ளைக்கு மாசானம் என்று ஓர் அண்ணன். போடிமெட்டுக்கு மேலே அவர்களுடைய ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். காய் எடுக்கிற சமயம், இறங்கி வர முடியாது. ஆனால் அந்த வீட்டில் எதற்கும் அவர்தான் தலையாட்ட வேண்டும். தோட்டத்தில் டவர் கிடைக்கிற ஒரே பாறையின் மேல் நின்றுகொண்டிருக்கிறார். படம் போனதும் பார்த்து 'சரி' என்பார். உடனே அன்னக்கொடி பெண்ணின் தலையில் பூ வைப்பாள். பூ வைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக்கூடாது. மகாராணிக்கும் அதுதான் வேண்டும். எங்கள் கண் படுவதற்குள் பூ ஏறிவிட வேண்டும்.

சுஜிதா ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏலம் கேட்கிற பெண். பூ ஏறினால் அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பது பையன் வீட்டு நிபந்தனை. அம்மா மூன்று நாள் அழுததில் சுஜிதா சம்மதித்திருந்தாள்.

இனி பாண்டியின் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேமராவுக்குள் போடுகிற நகம் அகல மெமரி கார்டுதான், ஆனால் அதற்குள்ளேயே வைஃபை இருக்கிறது. வயர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எடுத்த படத்தைப் பக்கத்தில் இருக்கிற போனிலேயே பார்க்கலாம். போன வாரம் இதே சாந்தகுமாரி கடையில் நின்று அதை வைத்து ஒரு மணி நேரம் பெருமையடித்தான். சுஜிதா உட்பட அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் போனையெல்லாம் வாங்கி, அவனே ஒன்றிலிருந்து எட்டு வரை ரகசிய எண்ணைப் போட்டு, எங்கள் மூஞ்சிகளை எங்களுக்கே காட்டினான்.

அதோடு நாங்கள் மறந்துவிட்டோம். போன் மறக்கவில்லை. மலையில் அட்டை காலில் ஏறுவது யாருக்கும் தெரியாதல்லவா, இந்த அட்டையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பாண்டி கேமராவைத் திறந்ததும் எங்கள் போன்கள் தாமாகவே போய் ஒட்டிக்கொண்டன. நாங்களாகத் தேடிப் போகவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பார்த்தது மட்டும்தான் நாங்கள்.

ஒரே ஒரு சங்கடம், அந்தக் கார்டில் ஏழு போனுக்குத்தான் இடம். தோட்டத்து ஜீப்பு மாதிரி பின்னால் தொங்கிக்கொண்டு வர முடியாது. நான், சாந்தகுமாரி, ஓய்வுபெற்ற வாத்தியார், தையல்காரி, இன்னும் மூன்று பேர். எட்டாவதாக வந்த பால்காரர் அரை மணி நேரம் எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைக்கு அந்த ரோஸ் சேலை எடுப்பா இல்ல" என்றாள் தையல்காரி.

"நீ தைச்ச ரவிக்கை அப்படி" என்றேன்.

வாத்தியார் விரலை எந்தப் பக்கம் தள்ளினாரோ, சுஜிதாவைத் தாண்டி முந்தைய படங்களுக்குப் போய்விட்டார். "இது யாரு, வேற பொண்ணா இருக்கு?"

பார்த்தோம். அதே நீலச் சட்டை. அதே மாம்பழப் பட்டு. மணி ஒன்பது என்று படத்தின் கீழே போட்டிருந்தது. நடுவில் பச்சைச் சேலையில் ஒரு பெண் குனிந்து நிற்க, அன்னக்கொடி அவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாந்தகுமாரி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இது எங்க கடையில சாமான் வாங்குற சிலமலை சூர்யகலா வீடுக்கா. செவுத்துல தொங்குறது எங்க கடைக் காலண்டரு."

ஏழு போனும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. எங்கள் தெருவில் அது அபூர்வம்.

"போய்ச் சொல்லிரணும்" என்றார் வாத்தியார்.

"சொல்லுங்க சார்."

"நான் எப்படிம்மா சொல்றது? உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?"

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். சொன்னால் பார்த்தது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பெண்ணின் தலையில் பூ ஏறிவிடும். மொட்டைக் கடிதாசி போடலாம் என்று வாத்தியார் யோசனை சொன்னார். அது திங்கட்கிழமை பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு புதன்கிழமை வந்து சேரும்.

அந்த நேரம் பார்த்துப் பாண்டி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"யக்கா, யாராரு கார்டுல ஏறியிருக்கீக? ஏழு பேரு இருக்காகன்னு காட்டுது. என் போனு ரிப்பேரு, மாப்ள போனுக்கு எடமில்லை. வெரசா இறங்குங்க, மேல மாசானம் அண்ணன் பாறையில நின்னு அட்டைக்கடி பட்டுக்கிட்டிருக்காரு."

"என் போனு சார்ஜே இல்லப்பா" என்றாள் தையல்காரி. சாந்தகுமாரி தராசைத் துடைத்தாள். வாத்தியார் வானத்தைப் பார்த்து மழை வருமா என்றார். ஏழு பேரும் மாட்டேன் என்று சாதித்தால் மாசானத்துக்குப் படம் போகாது, ஆனால் அது எத்தனை நேரத்துக்கு? நான் திரும்பி நின்று சுஜிதாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'வைஃபை போடு. காலையில சிலமலையில எடுத்த படத்தைப் பாரு.' அவளிடமிருந்து நீலக்குறி வந்ததும் என் போனில் வைஃபையை அணைத்தேன். காலியான ஓர் இடத்தில் அவள் ஏறிக்கொண்டாள். அழகுராஜாவுக்கு மறுபடியும் இடமில்லை.

பாண்டி உள்ளே போகும்போது கதவைச் சாத்தவில்லை. என் வாசலிலிருந்தே உள்ளே எல்லாம் தெரிந்தது, கேட்டது; திறந்திருக்கிற கதவுக்கு நான் பொறுப்பில்லை.

அன்னக்கொடிக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. "அவன் சொல்றான், சொல்லாம போறான். பூ வாடுது. வச்சிருவோம், பெறகு பேசிக்கிடலாம்" என்று வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். மகாராணி மகளை முன்னால் தள்ளினாள்.

சுஜிதா தலையைக் கொஞ்சம் சாய்த்து விலக்கிக்கொண்டாள். "சிலமலையில வச்ச பூ வாடாம இருக்கா அத்தை?"

"எந்தச் சிலமலை?"

"ஒம்பது மணிச் சிலமலை." போனை நீட்டினாள்.

அன்னக்கொடி பாண்டியைப் பார்த்தாள். பாண்டி கேமராவைப் பார்த்தான்.

"அது பேச்சு முடியாத எடம்மா" என்றாள் அன்னக்கொடி, கூச்சமே இல்லாமல். "ரெண்டு எடத்துலயும் வச்சிட்டா, மாசானம் எதைச் சொல்றானோ அதை நடத்திக்கிடலாம். இன்னொரு எடத்துக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம்."

"பூவைத் திருப்பி வாங்க யாரு போவா?" என்றாள் சுஜிதா.

அழகுராஜா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேம்மா, ரெண்டு எடத்துக்கும் ஒரே சட்டை வேணாம்னு."

மகாராணி மகளையும் அன்னக்கொடியையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு வரன் போய், மூன்றாவது கைக்கு எட்டுகிற தூரத்தில் மல்லிகையோடு நிற்கிறது. அவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை. இருபது வருஷமாக அவள் என்ன செய்வாள் என்பதை அவளுக்கு முன்பே தெரிந்துகொண்டு வந்தவள் நான்.

அன்னக்கொடியின் தட்டில் பாதி கேசரி மிச்சமிருந்தது. "தட்டைக் கொடுங்க மதினி" என்றாள் மகாராணி. "கழுவி வைக்கணும்."

அவ்வளவுதான். செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டு நான் என் வாசல் கோலத்தைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் காரில் ஏறுவதற்கு முன்பே சுஜிதா அதே ரோஸ் சேலையோடு வாசலிறங்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"எங்கேடி?" என்றேன்.

"சிலமலைக்குப் பெரியம்மா. அந்தப் பொண்ணு தலையில பூ இருக்குல்ல. படத்தைக் காட்டிட்டு வர்றேன்."

"தொணைக்கு நான் வரட்டா?"

"ஒங்களுக்கு வீட்டுல சோலி இல்லையா?" என்று சிரித்துவிட்டு, சிலமலை வழியாகப் போகிற தேவாரம் பஸ்சைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

கார் டிரைவர் வண்டியை அந்த பஸ்சுக்குப் பின்னால் திருப்பப் பார்த்தார். அன்னக்கொடி சன்னலைத் தட்டினாள். "இந்தப் பக்கம் வேணாம். தேனி போயி, சின்னமனூரு, உத்தமபாளையம் வழியா விடு."

"சிலமலை வழியா அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போயிரலாம்மா. இது ஊரைச் சுத்துற வழி."

"சுத்தட்டும்" என்றாள் அன்னக்கொடி. கார் தேனி ரோட்டுப் பக்கம் திரும்பியது.