ஒரு துணிக்கு ஒரு கிளிப்

முப்பத்துமூன்று வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் தலைகீழாகத் தொங்கி எண்ணெய் போட்ட மனிதருக்குக் காற்றின் மேல் காதல் வந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்தக் குழிகளில் கொசுகூட மூச்சுத் திணறித்தான் சாகும். ஓய்வு பெற்ற மறுநாளே லிஃப்ட்காரர் மொட்டைமாடிக்கு ஏறினார். ஏறியவர் சாப்பாட்டுக்கும் டீக்கும் மட்டும்தான் இறங்கினார்.

நான்கே வருடத்தில் உலகத்துக் காற்றை எல்லாம் நான்கு வகைக்குள் அடக்கிவிட்டார். கருவி, மனைவி துணி காயப்போடும் கொடி. கைக்குட்டை மட்டும் துடித்தால் கைக்குட்டைக் காற்று. துண்டு படுத்தவாக்கில் மிதந்தால் துண்டுக் காற்று. சட்டை இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தால் சட்டைக் காற்று. கிளிப்பைப் பிய்த்துக்கொண்டு போர்வை ஓடிப்போனால் போர்வைக் காற்று. அளவு பிசகக் கூடாதென்று ஒரே ஒரு சட்டம்: ஒரு துணிக்கு ஒரு கிளிப். அதை, தினமும் காற்றைக் குறித்துவைக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, மனைவிக்கு வாசித்தும் காட்டியிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

போர்வைக் காற்று இதுவரை மூன்றே முறைதான் அடித்திருந்தது. அதை அவர் வர்ணிக்கும்போது கேட்பவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு உட்காருவது நல்லது. முதல் போர்வை நாலு தெரு தாண்டி ஒரு பல் டாக்டரின் வாசலில் இறங்கியது. இரண்டாவதைப் பார்த்த காக்கை ஒன்று அன்றோடு பறப்பதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. மூன்றாவது இன்னும் வானத்தில்தான் இருக்கிறது.

நோட்டைப் பற்றி வானிலை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். அந்தப் பகுதியின் காற்றைத் தினமும் குறித்துத் தர அவர்களும் ஒரு தன்னார்வலரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு அதிகாரி நேரில் வருவார், நோட்டு சரியாக இருந்தால் அவரையே போட்டுக்கொள்வோம் என்று பதில் வந்தது. அவர் படித்த படிப்பில் கடிதத்தின் எழுத்தே தேய்ந்துபோயிற்று.

சனிக்கிழமை காலை, அதிகாரிக்குக் காட்டக் கருவிகளின் பட்டியல் போட உட்கார்ந்தார். கயிறு பதினெட்டு அடி. துணி, நாளொன்றுக்கு இருபது. கிளிப் பையைக் கவிழ்த்து எண்ணினார். எழுபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். எழுபத்திரண்டேதான்.

இருபது துணிக்கு இத்தனை எதற்கு என்று சமையலறை வாசலில் நின்று கேட்டார். மனைவி மறைக்கவே இல்லை. காற்று வெறிபிடித்து அடிக்கும் நாளில் துணிக்கு மூன்று நாலு மாட்டுவாளாம். கீழே விழுந்து சேறானால் திரும்பத் துவைப்பது யார் என்று கேட்டாள். ஆக, ஊரே பறந்துபோன நாட்களில்தான் அவர் நோட்டில் கைக்குட்டைக் காற்று.

"அப்ப அந்த மூணு போர்வை?" குரல் லிஃப்ட் குழியின் அடியிலிருந்து வந்தது.

"அன்னிக்கெல்லாம் நீங்க காத்தே இல்லன்னு காலையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தீங்க. டீ குடிக்க இறங்கினப்ப நான்தான் கிளிப்பைக் கழட்டிக் கீழ உதறி விட்டேன். மூணாவதைத்தான் ஆறு மாசமா போத்திக்கிட்டுத் தூங்குறீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். என்னைப் பாவம்னு நெனச்சிருக்கியே."

"நாலு வருஷமா தெனமும் கொடியப் பாத்தீங்க. ஒரு நாளாவது பக்கத்துல வந்து ஒரு துணிய எடுத்துப் போட்டீங்களா?"

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்தாள். சின்னப் பெண், கையில் ஹெல்மெட். வாயை மூடிக்கொண்டு நோட்டை நீட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மனைவியும் மூச்சு விட்டிருக்க மாட்டாள். ஆனால் தான் சோதிக்காத லிஃப்ட் கயிற்றுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போடாத கை அது. இதில் இருப்பது காற்றே இல்லை, எல்லாம் கிளிப் என்று சொல்லி, நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அதிகாரி யோசித்தாள். பிறகு மனைவி பக்கம் திரும்பி, என்றைக்கு எத்தனை கிளிப் மாட்டினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அங்கே பிடித்தது வினை. போன செவ்வாய்க்கிழமை மேற்கேயிருந்து நாலு கிளிப் காற்று என்றாள் மனைவி. அதற்கு முந்தின நாள் துணியை மேலாகக் காயவைத்துத் தையலில் ஈரத்தை விட்டுவைக்கும் காற்று. புழுதியோடு வந்து வெள்ளைத்துணியைக் கெடுப்பது ஒரு வகை, மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து வேவு பார்த்துவிட்டுப் போவது இன்னொரு வகை. பத்து நிமிடத்தில் பதினோரு வகை. அதிகாரியின் பேனாவில் புகை வராத குறை.

லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள், இதில் ஒன்றைக்கூட அவரிடம் சொன்னதில்லை.

அதிகாரி படிவத்தை எடுத்து, தன்னார்வலர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினாள். கீழே உதவியாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. "சார் பேரப் போட்டுடவாம்மா?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "போட்டுக்கோம்மா. காயப்போட நான் சொல்லிக்குடுத்துக்கறேன்."

கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை அவர் வாங்கினார். மூடியைப் போட்டு மேசையில் வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், காற்று உள்ளே வராதபடி வீட்டில் இருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தார்.