சகலையை உருட்டிவிட முடியாத இறக்கம்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் மனைவியின் அக்கா புருஷன், அதாவது என் சகலை, ஒரு மோட்டார்ஹோம் வாங்கினான். (வயதில் மூத்தவன். 'வாங்கினார்' என்று எழுத வேண்டும். கை வரவில்லை.) படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் டீசல் வண்டி. அதை வாங்கியதற்காக எனக்கு எரியவில்லை. நாங்கள் நால்வரும் அதில் மலைக்குக் கிளம்பிய முதல் நாளே, அவன் ஓட்ட, என் மனைவி தூங்கிவிட்டாள். அதற்குத்தான் எரிந்தது.

பதினாறு வருடமாக நான் கார் ஓட்டுகிறேன். ஒரு நாள்கூட அவள் கண்ணயர்ந்ததில்லை. ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை வீட்டு வாசலில் பிடித்தால், போய்ச் சேரும்வரை விடமாட்டாள்.

"அத்தான் ஓட்டுனா வண்டி ஓடுறதே தெரியலங்க" என்றாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

கதையிலாவது சகலையை உருட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "மலை இறக்கத்தில் டயர் வெடித்தபோது சகலை—"

வெடிக்காது. காலையில் டயர் சூடேறுமுன்பே நாலிலும் காற்று பார்க்கிறவன் அவன்.

இரண்டாவது: "பிரேக் சூடேறிப் புகைந்தது. சகலை பெடலை மிதிமிதியென்று—"

மிதிக்கவே மாட்டான். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுவான்.

மூன்றாவது: "தண்ணீர்த் தொட்டியின் பாரத்தில் வண்டி வளைவில் சாய்ந்து—"

தொட்டியில் காபிக்கு வேண்டியதுதான் இருக்கும். மிச்சத்தைத் தங்கும் இடத்தில் பிடித்துக்கொள்வான். பாரம் குறைந்தால் டீசல் குறையுமாம். லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுக்கிறதாம். [சமவெளியில் நான் ஓட்டிய அரை நாளில் எட்டுதான். அச்சுக்குப் போகுமுன் இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.]

நான் எழுதும் ஆள், நான் சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறான்.

3

கடைசியில் அவன் மணிக்கட்டைச் சுளுக்க வைத்தேன். மலையிலிருந்து இறங்கும் நாள். அவனால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. சாவி என் கைக்கு வருகிறது.

[சுளுக்கு பொய். சாவியை நல்ல கையால்தான் நீட்டினான். "இறக்கத்த நீங்க ஓட்டுங்க சகலை. நானும் ஒரு நாள் வேடிக்கை பாக்குறேன்." அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை.]

என் பக்கத்து இருக்கையில் மனைவி. கை நேராகக் கைப்பிடிக்குப் போனது. நான் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை? பதினொன்று என்ன, பதினாலே காட்டுகிறேன் பார்.

அக்காவோடு பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவன் குரலை உயர்த்தவே இல்லை. "சகலை, நியூட்ரல்ல விட்டாத்தான் எஞ்சின் சும்மா ஓடி டீசல் குடிக்கும். கியர்ல போட்டுட்டு ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடுத்துருங்க. சொட்டு குடிக்காது. வண்டியையும் அதுவே புடிச்சுக்கும்."

என் மனைவியின் காதுபடச் சொன்னான். நான்காவது தொடக்கம் ஒன்று மனதில் ஓடியது. ஆனால் வண்டி வேகமெடுத்துக்கொண்டிருந்தது, அதில் அவள் இருந்தாள். பிரேக்கை அழுத்தி வேகத்தை அடக்கி, இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தேன். எஞ்சின் உறுமியது. வண்டி சொன்ன பேச்சுக் கேட்டு மெல்ல இறங்கியது.

4

ஐந்தாவது வளைவில் பின்னாலிருந்து குறட்டை. சகலைதான். பதினாறு வருடத்தில் நான் ஓட்டும்போது தூங்கிய முதல் ஆள். இனி இவனை எப்படி வெறுப்பது? [முடிகிறது. கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கிறது.]

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் என் மனைவியின் கை கைப்பிடியை விட்டு மடிக்கு இறங்கி, தலை ஜன்னல் பக்கம் சாய்கிறது. இன்னொன்றில் அடிவாரம் வரை கை மேலேயே இருக்கிறது. எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. இறக்கத்தில் கண் சாலையை விட்டு நகரக்கூடாது. அதுவும் அவன் சொன்னதுதான்.

அடுத்த வளைவு வந்துவிட்டது, நான் திரும்ப முடியாது. உங்களுக்கு ஓட்டுகிற வேலை இல்லை. என் பக்கத்து இருக்கையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அவள் கை எங்கே இருக்கிறது?