கட்டிய கை

எங்கள் ஊர்த் தலைவர் தேர்தலுக்குப் பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. அதிகாரி வந்து பேரைச் சொல்வார். அந்தப் பேருக்கு வேண்டியவர்கள் கை தூக்க வேண்டும், அவர் எண்ணிக்கொண்டு போய்விடுவார். வெள்ளைக்காரன் போன மறுவருஷம் அது. கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள். கை என்ன மலையா, தூக்க முடியாமல் போக?

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிங்காரவேலு. தா.பழூருக்குத் தெற்கே எங்கள் ஊர் வயலில் பாதி அவருடையது. எங்கள் தெருக் குடிசைகள் நிற்கிற மண்ணும் அவருடையதுதான். இன்னொருவர் அரங்கநாதன், அவருக்குப் பங்காளி முறை. ஜெயிலுக்குப் போய்ப் புத்தகம் படித்துவிட்டு வந்தவர். நிலம் உள்ளவர்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்துவிட்டதால், எங்கள் தெரு ஆம்பிளைகளின் கைக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது.

அரங்கநாதன் எங்கள் தெருவுக்கே வந்து பேசினார். எங்கள் ஆட்கள் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். பெரிய மனுஷர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும்.

"ஏதென்ஸ்னு ஒரு ஊரு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ராசா கிடையாது. ஊர் சனம் மேட்டுல கூடி, சண்டையா சமாதானமான்னு கை தூக்கியே முடிவு செஞ்சாங்க. மக்களாட்சிங்கிறது அங்க பொறந்ததுதான்," என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த ஊர்ல வயல் வேலை யாருங்க பாத்தது?" என்று கேட்டேன்.

"அடிமைங்க இருந்தாங்க."

"அவங்களும் கை தூக்கினாங்களா?"

"இல்ல."

"பொம்பளைங்க?"

"அவங்களும் இல்ல. அது அந்தக் காலம் இருசம்மா. இப்ப எல்லாரையும் சேத்துக்கிட்டு வரோம்."

"அப்ப நானும் தூக்கலாங்களா?"

"இந்தத் தடவ ஆம்பளைங்க மட்டுந்தான்," என்றார். என் வீட்டுக்காரர் சாமிதுரை என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

தேர்தலுக்கு முதல் நாள் சிங்காரவேலுவின் காரியக்காரர் வந்தார். தெரு முனையில் நின்றபடியே சொன்னார். "அதிகாரி நம்ம அய்யா பேரச் சொன்னதும் எல்லாரும் தூக்கணும். தூக்காதவன் வூட்டுக்குச் சாயங்காலம் கூரை இருக்காது."

என் மகள் ராசாத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயிறு இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று இருந்தது. ஐப்பசி மழை வேறு விடாமல் பெய்தது. கூரையைப் பிடுங்கினால் அவளை எங்கே கொண்டுபோய்க் கிடத்துவேன்?

"இந்தா பாருய்யா, மக்களாட்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கு அந்த ஆளுக்கே தூக்கிட்டு வந்துரு," என்றேன்.

"தூக்காம என்ன? தூக்குறேன்," என்றார் சாமிதுரை.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஏரிக்கரை புளியமரத்தடியில் கூட்டம். நாங்கள் பெண்கள் கரைமேல் ஒதுங்கி நின்றோம். அதிகாரிக்கு ஒரு நாற்காலி, தேர்தலில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி, மூன்றும் சனத்தைப் பார்த்துப் போட்டிருந்தன. அந்த இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சிங்காரவேலுவுக்கு வேண்டியவங்க கை தூக்குங்க."

நிலம் உள்ளவர்களில் அவர் பக்கத்தார் தூக்கினார்கள். எங்கள் ஆட்கள் கட்டிய கையோடு நின்றார்கள். என் புருஷனின் கை நெஞ்சுவரை வந்தது. எதிரே சிங்காரவேலு நிமிர்ந்து பார்த்தார். கை தானாகத் திரும்பிப் போய் அக்குளில் ஒண்டிக்கொண்டது. என் கொழுந்தன், அமாவாசை என்று பேர், ஒருநாள் சிங்காரவேலு ஓங்கிய தடியைத் தடுக்கக் கை தூக்கினான் என்பதற்காக, அவனைக் களத்து மரத்தில் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். காரியக்காரர் சொன்னது அவர்களுடைய காதில் இருந்தது. ஆனால் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது சிங்காரவேலு அல்லவா?

"தூக்குய்யா, பாவி மனுஷா," என்று எனக்குள்ளேயே முனகினேன். கரைமேல் சும்மா கிடந்த என் இரண்டு கையையும் வெட்டி அவருக்கு ஒட்டவைக்க முடியுமானால் செய்திருப்பேன்.

அரங்கநாதன் பேரைச் சொன்னபோதும் எங்கள் ஆட்கள் அசையவில்லை. அவர் பக்கத்துப் பங்காளிகள் கொஞ்சம் கூடுதல். அவர் ஜெயித்துவிட்டார் என்று அதிகாரி அறிவித்தார்.

சாயங்காலம் சிங்காரவேலுவே வந்தார். பின்னால் கூரையைப் பிடுங்க அலக்கும் அரிவாளுமாக ஆட்கள். ராசாத்திக்கு இடுப்புவலி ஆரம்பித்திருந்தது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். தெரு ஆம்பிளைகள் எல்லாரும் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள்.

"ஏன்டா தூக்கல?" என்றார் சாமிதுரையிடம்.

"ஆண்டே, உங்க மொகத்துக்கு நேரா நாங்க கை தூக்கலாங்களா?"

கிண்டல் இல்லை, பயந்துபோய்த்தான் கேட்டார். சிங்காரவேலு வரிசையாகக் கட்டியிருந்த கைகளைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, அலக்கைக் கீழே போடச் சொன்னார்.

"இப்ப நான் சொல்றேன். தூக்குங்கடா."

அத்தனை கையும் ஒன்றாக மேலே போயிற்று.

"எறக்கு."

இறங்கிற்று.

"அடுத்த தேர்தல்லயும் என்னை வாயத் தொறக்க வுடமாட்டானுவ. துண்ட ஒதறினா எவன் கேப்பான்? நான் ஒதறுனா தூக்கணும். பழகிக்குங்க."

அங்கேயே பழக்கினார். துண்டை உதறினார், தூக்கினார்கள். தோளில் போட்டார், இறக்கினார்கள். மழை மறுபடி பிடித்துக்கொள்ளும்வரை இது நடந்தது. என் கூரை தப்பியது. சந்தோஷம் இல்லையென்றால் பொய். ஆனால் அந்தக் கைகளைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே ராசாத்தியிடம் போய்விட்டேன்.

விடியும்போது ராசாத்திக்குப் பெண் பிறந்தது. வெளுத்த பிறகு அரங்கநாதன் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் துண்டை இறக்கிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நேத்து நீங்க யாரும் அவருக்குத் தூக்கலியே, அதனாலதான் ஜெயிச்சேன். மிரட்டலுக்குப் பயப்படாம நின்னீங்க. மக்களாட்சின்னா இதுதான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "அய்யா, உங்க ஏதென்ஸ்ல அடிமைங்க எப்படி நின்னிருப்பாங்கன்னு புத்தகத்துல போட்டிருக்கா? போடலன்னா இதோ, இவரப் பாத்துக்குங்க. வந்ததுலேருந்து உங்க முன்னாடி இப்படித்தான் நிக்கிறாரு."

அரங்கநாதன் அப்போதுதான் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. நல்ல மனுஷர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

"சாமிதுரை, கைய எடுப்பா," என்றார்.

சொன்னவுடன் எடுத்தார். முந்தின நாள் துண்டை உதறியதும் தூக்கினாரே, அதே வேகம்.