நேத்து பரோட்டாவா, மாப்ள?

மாமி சுல்தான் பீவி அதைப் பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள். பேத்தி ஹஃப்சாவுக்குச் சளி விட்டுவிட்டது, மாமாவுக்குக் கால் குடைச்சல், மோட்டார் மறுபடி ரிப்பேர் என்று போனில் சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில், "நேத்து பரோட்டாவா, மாப்ள?" என்றாள்.

ஹுஸைஃபா ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமி பதிலுக்குக் காத்திருக்காமல் மோட்டாருக்குத் திரும்பிவிட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் குற்றாலம் ரோட்டில் ஒரு பரோட்டா ஸ்டாலுக்கு அவன் போனது உண்மை. தின்றது சிக்கன் நூடுல்ஸ். தனியாகப் போனான். தனியாகத் தின்றான். யாரிடமும் சொல்லவில்லை. மாமி இருப்பதோ பண்பொழிக்குப் பக்கத்தில், வடகரையில். யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்த ஆள் தள்ளி நின்றிருக்க வேண்டும். அதனால்தான் நூடுல்ஸ் பரோட்டாவாகிவிட்டது.

அன்று முதல் அவன் கடையில் உட்காருமுன் ரோட்டை ஒரு முறை பார்த்தான்.

பார்க்கக் காரணம் இருந்தது. இறந்துபோன மனைவி மிஸ்ரியாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த அன்று மாமனார் பீர் மைதீன் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "தனியா ஒரு வீடு பிடிங்க. அடுப்பு வையுங்க. பிள்ளைய நானே கொண்டாந்து விடுதேன். பரோட்டாக் கடை வாசல்ல வளரதுக்கு எம் பேத்திய அனுப்ப முடியாது."

மகள் ஹஃப்சாவுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் தென்காசியில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் வடகரையிலேயே பள்ளியில் போட்டுவிடுவார்கள். ஒரு தடவை அங்கே சேர்த்துவிட்டால் பிறகு மகள் என்பது வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வருகிற பிள்ளைதான்.

மிஸ்ரியாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அவன் ஷார்ஜாவிலிருந்து வேலையை விட்டு வந்தான். சேர்த்ததெல்லாம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் போயிற்று. இப்போது தென்காசியில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறான். மேலகரத்தில், கூட வேலை பார்க்கும் முத்துராஜோடு ஒரே அறை. அறையில் அடுப்பு கிடையாது.

அவள் போனபிறகு அவனுக்கு அழுகை வரவில்லை. தூக்கமும் சரியாக இல்லை, கோபமும் இல்லை. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டால் மட்டும் உடம்பு விழித்துக்கொள்ளும். சால்னா வாடை, எண்ணெயில் சிவந்த கோழி, சோயா சாஸ் தீய்கிற புகை. உள்ளே ஏதோ ஒன்று இன்னும் சாகாமல் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். அந்தப் பசியின் மேலும் அவனுக்குச் சந்தேகம் உண்டு. வயிற்றுப் பசியாக இருந்தால் ஒரு பிளேட்டோடு அடங்கியிருக்கும். அவன் தினமும் இரண்டு பிளேட் தின்றான். மாதக் கடைசியில் வங்கியில் ஒன்றும் நிற்கவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது முத்துராஜைத்தான். அவனிடம் அறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் செங்கோட்டை ரோட்டுக்குப் போய் ஒரு கிரில் சென்டரில் அரைக் கோழி தின்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வடகரைக்குப் போனபோது மாமா விசிறிக்கொண்டே, செங்கோட்டை ரோட்டில் புதுசாக ஒரு கிரில் கடை வந்திருக்கிறதாமே என்றார். அவன் ஹஃப்சாவின் தலையைத் தடவிக்கொண்டே ஆமாம் என்றான். மாமா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனுக்கு உறுத்தியது.

அறைக்கு வந்ததும் முத்துராஜை நேரடியாகவே கேட்டுவிட்டான்.

முத்துராஜ் துவைத்த சட்டையை உதறிக்கொண்டிருந்தான். "ஏலே, ஒன் பின்னால அலையதுக்கு ஒங்க மாமனாரு எனக்குப் பேட்டா தாராராலே? நீ திங்கதப் பாத்தா எனக்கும் பசிக்கும். அதுக்குப் பயந்தே நான் அந்தப் பக்கம் வாரதில்ல."

"அப்ப யாரு?"

"பரோட்டா மாஸ்டரு வடகரைக்காரனா இருப்பான். இல்லன்னா கோழி எந்திரிச்சிப் போயிச் சொல்லியிருக்கும்."

ஹுஸைஃபா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வெளியே சாப்பிடுவதை நிறுத்தினான்.

நிறுத்துவது என்று சொல்வது எளிது. டைல்ஸ் கடையிலிருந்து மேலகரத்துக்கு நேர் ரோட்டில் போனால் வரிசையாக வண்டிக்கடைகள். அவன் இலஞ்சி வழியாகச் சுற்றிப் போனான். அங்கேயும் மூன்று கடை இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டால் வாடை குறையும் என்று இறக்கினான். உள்ளே வந்த வாடை உள்ளேயே நின்றது. முத்துராஜின் அக்காவிடமிருந்து ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி வந்து காலையிலேயே சோறு வடித்தான். புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கவிழ்த்துக் கிளறி டப்பாவில் அடைத்து, சாயங்காலம் குடோனில் டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். வயிறு நிரம்பியிருந்தும் கொத்துச் சத்தம் கேட்டால் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. ஒருநாள் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, மறுபடி ஏறிப் போனான். கடைக்காரன் என்ன அண்ணாச்சி என்று கேட்டதற்குச் சாவி விழுந்துவிட்டது என்றான்.

மே மாதச் சம்பளம் ஏறியபோது அட்வான்சுக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. வீடும் பார்த்துவைத்தான். அகமது கபீர் என்பவரின் மாடி வீடு, சின்ன அடுக்களையோடு. ஆனாலும் வடகரைக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்கவில்லை. காஸ் வரட்டும், பாத்திரம் சேரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

இதற்கிடையில் மாமியின் போன் மாறிப்போயிருந்தது. முன்பு எப்போதாவது அழைத்தவள் இப்போது தினமும் சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பிறகு அழைத்தாள். மோட்டார் இல்லை, கால் குடைச்சல் இல்லை. எடுத்ததும் ஒரே கேள்வி. "சாப்ட்டியளா, மாப்ள?"

சாப்பிட்டேன் என்றால் எங்கே என்று வரும். எங்கே என்றால் எவ்வளவு என்று வரும். அவன் பிடிகொடுக்கவில்லை. "இல்ல மாமி, இன்னும் இல்ல" என்று தினமும் அதையே சொன்னான். மறுமுனையில் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்கும். பிறகு போனை வைத்துவிடுவாள்.

ஹஃப்சாவிடம் கொடுங்கள் என்றால் தூங்கிவிட்டாள் என்றாள். ஏழரை மணிக்குத் தூங்குகிற பிள்ளை அல்ல அவள். வெள்ளிக்கிழமை போனபோது பிள்ளை கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் இருந்தாள். காய்ச்சலா என்றான். இல்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா எழுந்து உள்ளே போனார்.

எதையோ மறைக்கிறார்கள். பள்ளியில் சேர்த்துவிட்டார்களா. அவனைப் பற்றிப் பிள்ளையிடம் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறார்களா. அதனால்தான் வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைத் தொடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளா. முந்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை கடையில் கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினான். மாமி வீட்டுக்குச் சொல்லாமல் போனான். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தான். மஃரிப் முடிந்திருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமியின் குரல்.

"அவுக அங்கன சாப்ட்டிருப்பாக. நீ வாயத் தொற."

"நேத்தும் சாப்பிடலைன்னு வாப்பாவே சொன்னாங்கல்லா. நான் கேட்டேன்."

"சும்மா சொல்லுதாக."

"போன் அடிக்கல."

கதவைத் தள்ளினான். ஹஃப்சா பாயில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும் ஆறிக்கிடந்தன. தட்டுக்குப் பக்கத்தில், சார்ஜ் வயரோடு, மூலை உடைந்த ஒரு போன். மிஸ்ரியாவின் போன். அதை எப்போதோ அணைத்துவைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தான்.

மாமி கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தாள்.

அவன் கேட்குமுன் மாமியே சொன்னாள். ஷார்ஜாவில் இருந்தபோது வங்கிக் கணக்கை தன் பெயரிலும் மிஸ்ரியா பெயரிலும் தொடங்கியவன் அவன்தான். பணம் வந்தது அவளுக்கு உடனே தெரியட்டும் என்று தன் நம்பரோடு அவள் நம்பரையும் கொடுத்தவனும் அவன்தான். வளைகுடாவுக்குப் போன எல்லோரும் செய்வதுதான். அவள் மௌத்தானதை வங்கியில் போய்ச் சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் கணக்கில் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் அவன் எந்தக் கடையில் ஸ்கேன் செய்தாலும் கடையின் பெயரோடு அவள் போனுக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. மகளின் குரல் பதிவுகளைப் பேத்தி கேட்க வேண்டும் என்பதற்காக மாமி அந்தப் போனுக்குத் தவறாமல் காசு போட்டு வந்திருக்கிறாள்.

அவன் ஷார்ஜாவில் இருந்த காலத்தில், ராத்திரி அவன் சாப்பிட்டாச்சு என்று சொன்ன பிறகுதான் மிஸ்ரியா தட்டில் கைவைப்பாள். பிள்ளைக்கும் அதே பழக்கம். அவள் போனபிறகு ஒருநாள் ஹஃப்சா சாப்பிட அடம்பிடித்தபோது அந்தப் போன் அடித்தது. பாரு, வாப்பா கடையில சாப்ட்டாச்சு, உம்மாகிட்டச் சொல்லுதாக என்று மாமி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை அந்தச் சத்தத்துக்குச் சாப்பிட்டாள். மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்துச் சத்தம் நின்றுவிட்டது. போன் பண்ணிக் கேட்டால், ஸ்பீக்கரில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்க, அவனே இல்லை என்கிறான்.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, மாமி."

"சொன்னா, நாங்க ஒங்கள வேவு பாத்தோம்னு நெனப்பீய."

"பாத்தோம்தான்" என்று பின்னால் குரல் கேட்டது. பீர் மைதீன் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்தார். தொப்பியைக் கழற்றாமல் நின்றார். "அவளுக்குச் சத்தம். எனக்குக் கணக்கு. ஒவ்வொண்ணையும் படிச்சேன். பிள்ளைய யாருகிட்ட குடுக்கப் போறோம்னு பாக்க வேண்டாமா?"

ஹுஸைஃபாவுக்கு ஒரு நிம்மதி வந்தது. சந்தேகம் வீண் போகவில்லை. "அப்ப அட்வான்ஸ் சேந்ததும் தெரிஞ்சிருக்கும்."

"சம்பளம் ஏறுன அன்னைக்கே தெரியும். மீதி அதுலயே வருதுல்லா."

"தெரிஞ்சும் ஏன் மாமா பேசல?"

மாமா மாமியைப் பார்த்தார். மாமி தட்டைப் பார்த்தாள். "நீங்க கேக்கல" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. "நீங்க கேக்காம இருக்கிற வரைக்கும் பிள்ள இங்கன இருக்கட்டுமேன்னு."

ஹுஸைஃபா கையைக் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். குடோனில் தின்ற புளிச்சோறு இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. ஆறிய சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டான். ஹஃப்சா அவன் தொண்டையையே பார்த்தாள்.

"முழுங்கிட்டாங்க" என்று மாமியிடம் சொன்னாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அவன் ஊட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். யாரும் மறுக்கவில்லை.

ஞாயிறு காலையில் மாமா முதலில் தனியாக வந்து, அவன் அதற்குள் குடிவந்திருந்த மாடி வீட்டைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்து அணைத்தார். குழாயைத் திறந்து தண்ணீரை நக்கிப் பார்த்தார். குப்பைக் கூடையின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். முட்டை ஓடும் வெங்காயச் சருகும் கிடந்தன. சரி என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் அவன் வடகரைக்குப் போனபோது துணிப்பை தயாராக இருந்தது. ஹஃப்சா வண்டியில் ஏறிய பிறகு மாமி அவன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "அந்த நம்பர மட்டும் பேங்குல மாத்திராதீய, மாப்ள."

அவன் தலையை ஆட்டினான். அதை அவளாகக் கேட்டாளா, மாமா சொல்லிக் கேட்டாளா என்பது விளங்கவில்லை. மாமா வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இலஞ்சி தாண்டும்போது சாரல் விழுந்தது. குற்றால சீசன் கூட்டம் அதற்குள் வந்துவிட்டது. ரோட்டோரம் கடைகள் இரண்டு மடங்காகியிருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த ஹஃப்சா மூக்கை உறிஞ்சினாள்.

"பசிக்கு வாப்பா. பரோட்டா."

மாமா சொல்லிக்கொடுத்து அனுப்பினாரோ என்று நினைத்தான். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதில் பசி மட்டும்தான் இருந்தது. வீட்டில் சோறு வடித்து வைத்திருக்கிறேன் என்றான். அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். இரண்டு கடையைத் தாண்டிப் போய்விட்டான். அந்தச் சரி அவனுக்குப் பிடிக்கவில்லை. வண்டியைத் திருப்பினான்.

ஆளுக்கு ஒன்று. பிய்த்துப்போட்டு, காரம் குறைவாகச் சால்னா ஊற்றச் சொன்னான். அவள் இலையைத் தொடாமல் அவனைப் பார்த்தாள். அவன் ஒரு துண்டு தின்றான். அவளும் தொடங்கினாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

எழுந்து காசு கொடுக்கப் போனபோது சட்டைப்பையில் கை போயிற்று. நூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் வடகரையில் யாருக்கும் தெரியாது. அவன் நோட்டை உள்ளேயே விட்டுவிட்டு, போனை எடுத்து, கல்லா முன்னால் தொங்கிய அட்டையில் ஸ்கேன் செய்தான்.