அளவாக இருந்த தொப்பி

கம்பளித் தொப்பியைப் பிள்ளையின் தலையில் போட்டு, இரண்டு காதும் மறைய இழுத்துவிட்டாள் மாமியார் சிவகாமிப்பிள்ளை. தொப்பி அளவாக இருந்தது. ஜதுசா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்து மூன்றாம் நாள் விடிய ஆஸ்பத்திரியில் அவளுடைய மகன் இறந்துபோனான். தலை பெருத்திருந்தது. மூளைக்குள் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று டொக்டர்கள் சொன்னபோது அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. இப்போது அவர்களுடைய ஓர்ஸ் ஹில் வீட்டு வாசலில் ஆண்கள் மயானத்துக்குப் போக ஆயத்தமாக நின்றார்கள். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான்.

“மாமி, இந்தத் தொப்பி எப்ப வாங்கினது?”

மாமியின் கை நின்றது. பிள்ளை பிறக்கமுதல் அந்த வீட்டில் ஒரு நூல்கூட வாங்கமாட்டார்கள். ஜதுசா ஆசைப்பட்டு எடுத்துவந்த ஒரேயொரு சட்டையையும் “முதல்ல பிறக்கட்டும்” என்று கடைக்கே திருப்பி அனுப்பியவள் இந்த மாமிதான். பிள்ளையைச் சுற்றியிருந்ததும் பழைய சேலைத் துண்டு. தொப்பி மட்டும் புத்தம்புதிது, அதுவும் ஆறு மாதப் பிள்ளையின் அளவு. இந்த மூன்று நாளும் யாரும் ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை.

“போன மாசம். ஸஹாப்தீன்ர கடையில.”

“தலை பெரிசெண்டு போன மாசமே எப்பிடித் தெரியும்?”

மாமி மகனைப் பார்த்தாள். ஜதுசாவின் கணவன் நிசாந்தன் நிலத்தைப் பார்த்தான்.

ஆறாம் மாத ஸ்கேன் ரிப்போட்டை எடுக்கப் போனவன் அவன்தான். வந்து, “எல்லாம் நல்லமாம்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பி அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

“டொக்டர் என்ன சொன்னவர்? உள்ளதைச் சொல்லுங்கோ.”

“மூளைக்குள்ள தண்ணி நிக்கிற இடம் பெருத்திருக்காம். சில பிள்ளையள் ஒரு குறையும் இல்லாமப் பிறக்குமாம், சிலதுக்குத் தலை பெருக்குமாம். நாலு கிழமையால கொழும்பில திரும்பப் பாக்கவேணும், தண்ணி கூடியிருந்தா அங்கயே பெறுறதுதான் நல்லம் எண்டவர்,” என்றான் நிசாந்தன்.

“ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?”

“நீர் பயந்துபோவீர் எண்டு… அம்மா கோயிலுக்கு நேத்தி வச்சவ. சரிவரும் எண்டு நினைச்சனான்.”

“தலையைப் பாத்துச் சனம் கதைக்குமெண்டுதான், பிள்ளை, தொப்பி வாங்கினனான்,” என்றாள் மாமி.

கொழும்புக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? யாருக்கும் தெரியாது. இனிச் சாகும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மூன்று மாதமாக அவள் வயிற்றைத் தடவித் தடவி மகனோடு கதைத்தாள். தாயும் மகனும் அதைப் பார்த்துக்கொண்டே அவளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். துரோகம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

“என்ர வயித்தில இருந்த பிள்ளை. எனக்குத்தான் கடைசியாத் தெரியும், என்ன?”



ஓட்டோக்காரர் றஊப் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நிசாந்தன் பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் ஜதுசா பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

“பொம்பிளையள் மயானத்துக்குப் போறேல்லை, பிள்ளை,” என்றாள் மாமி.

“நான் போவன்.”

தையல் போட்ட உடம்பு. ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது. அவள் ஓட்டோவில் ஏறிப் பிள்ளையை மடியில் வைத்தாள். பக்கத்தில் ஏற நிசாந்தன் ஒரு காலைத் தூக்கி வைத்தான். ஜதுசா நகர்ந்து, சீற்றின் நடுவில் இருந்துகொண்டாள்.

“எடுங்கோ அண்ணை,” என்றாள்.