வால்நட் நிறம்

உத்திராபதி எண்ணியபோது பதினொரு ஜன்னல் வந்தது. ஆனி ரோஸ் டீச்சர் பத்து என்றாள்.

எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் அவன் எடுத்த எடுப்பில் உள்ளே நுழைய மாட்டான். வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல்களை எண்ணி, உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். உள்ளேயிருந்து எண்ணினால் கதவு சாத்திய அறை விட்டுப்போகும் என்பது அரியலூர் கடையில் பதினைந்து வருடம் மர பிளைண்ட்ஸ், அதாவது கயிற்றை இழுத்தால் திறந்து மூடும் மரப்பட்டைத் திரை, மாட்டிக் கற்றுக்கொண்டது. வரதராசன்பேட்டையில் டீச்சரின் புருஷன் கிளமெண்ட் கட்டியிருந்த இந்தப் புது வீட்டையும் அப்படித்தான் சுற்றி வந்தான். ரோட்டைப் பார்த்த பக்கம், மாடிப்படிக்கு அடியில், சாயம் போன கைலி தொங்கிய சின்ன ஜன்னலையும் சேர்த்துப் பதினொன்று.

"அது ரூம் இல்லங்க, ஸ்டோரு மாரி. அத விட்டுடுங்க" என்றாள் டீச்சர்.

சரி, அவர்கள் வீடு. அவன் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு மாதிரிப் பட்டைகளை விரித்தான். அன்று ஆரம்பித்த நிறப் பேச்சு மூன்று வாரம் ஓய்ந்தபாடில்லை. ஹாலுக்கு வால்நட் என்கிற கரும்பழுப்பு, படுக்கையறைக்குக் கட்டிலுக்கு ஏற்ற மாதிரி இளம் தேக்கு, பிள்ளைகள் அறைக்கு வெள்ளை என்றாள். மறுநாள் வெள்ளை வேண்டாம், அழுக்காகும் என்றாள். மாதிரிப் பட்டையை சோபாவில் வைத்துப் பார்த்தாள், தரையில் வைத்துப் பார்த்தாள், மாதா சுரூபம் நின்ற மரத்தட்டுக்கு அடியில் செருகித் தள்ளி நின்று பார்த்தாள். கடைசியில் ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் கிளமெண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கை முடித்துவைத்தான். "ரோட்லேர்ந்து பாத்தா ஒரே வூடா தெரியணும். எல்லாத்துக்கும் வால்நட்டே போட்ருங்க." சுற்றிலும் முந்திரிக்காடு. வால்நட் மரத்தை அந்த ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வாய் இனித்தது.

பத்தையும் வியாழக்கிழமை மாட்டி முடித்தான். ஞாயிறு காலை பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கிறார். சொந்தபந்தம் முழுக்க வருகிறது, வீடியோக்காரன் வேறு வருகிறான். வியாழன் சாயங்காலம் இரண்டு பேரும் ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்திருக்கிறார்கள். வரிசைப் பல்லில் ஒரு சொத்தை போல அந்தக் கைலி. உடனே போன் வந்தது. ராத்திரியானாலும் பரவாயில்லை, பதினோராவதையும் அதே நிறத்தில் செய்துவிட வேண்டுமாம்.

டீச்சர் போனில் சொன்ன அளவுக்குச் செய்த பட்டைகளோடு சனிக்கிழமை காலை வந்தான். டீச்சர் அந்தக் கதவைத் திறந்தாள். மூத்திர நாற்றமும் டெட்டால் நாற்றமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசெல்வம், கிளமெண்டின் அப்பா. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இந்த வீடு நிற்கும் இடம் அவர் கன்று நட்டு வளர்த்த முந்திரிக்கொல்லை என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆள் உயிரோடு இருப்பதை யாரும் சொல்லவில்லை.

டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"இதுக்குக் கயிறு வேணாங்க. மூடுனா மூடுனபடியே இருக்கணும்."

"கயிறு இல்லாட்டித் தொறக்க முடியாதுங்களே டீச்சர்."

"அதான் சொல்றேன். போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்புட்டுப் பேசுறாரு. அன்னைக்கு ஒருத்தி ஜன்னல் வழியா பன்னு குடுத்துட்டுப் போறா. நாங்க சோறு போடலன்னு ஊரே பேசுது."

"ஃபேன் இருக்குல்ல" என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற கிளமெண்ட், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாளைக்கு ஃபாதர் எல்லா ரூமுக்கும் தீர்த்தம் தெளிப்பாரு. இங்கயும்தான் வருவாரு. ஸ்ப்ரே அடிச்சிக்கலாம்" என்றாள் டீச்சர்.

உத்திராபதிக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. நாற்றத்தால் அல்ல. படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மாவுக்கு இரண்டு வருடம் பீ மூத்திரம் கையால் அள்ளிப் போட்டவன் அவன். மாதா காலடியில் பட்டையை வைத்து நிறம் பார்த்த அந்த அருமையான கண்கள் இந்தக் கட்டிலின் மேல் ஒரு நொடிகூட நிற்காததுதான் காரணம். நான் செய்ய மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட நினைத்தான். டீச்சரின் தம்பி ஜெயங்கொண்டத்தில் வீடு கட்டுகிறான், அந்த வேலையும் நமக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. டிரில் மிஷினை எடுத்தான்.

"எந்த ஊருப்பா நீ?" என்றார் கிழவர்.

"செந்துறைங்க."

"அங்க முந்திரி பூத்துதா?"

"பூத்துச்சுங்க."

அவர் பட்டைகளைப் பார்த்தார். இடது கையால் ஒன்றைத் தடவினார்.

"வூடு பூரா இதே கலரா?"

"ஆமாங்க."

"எனக்குமா?"

ஒரு பக்கமாகக் கோணிய அந்த முகம் முழுக்கச் சந்தோஷம். தன்னையும் வீட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று கிழவர் நினைத்துக்கொண்டார். உத்திராபதி தலையை ஆட்டினான். பிளைண்ட்ஸை மாட்டி முடித்துப் பட்டைகளை மூடி, கயிறுகளை மேல்கட்டைக்குள் இழுத்து முடிச்சுப் போட்டு, தொங்கியதை வெட்டினான். அறை இருண்டது. கிழவரின் இடது கை காற்றில் துழாவியது.

"இதுல எத்தப் புடிச்சு இழுக்கணும் தம்பி?"

"அப்பறம் மாட்டித் தருவாங்கங்க."

சொன்னது தன் வாய்தான் என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்தபோது டீச்சர் காபி நீட்டினாள். "மேட்ச் அப்படியே இருக்கு, இல்ல?" என்றாள். குடித்தான். இருந்ததிலேயே கேவலம் அதுதான் என்று பட்டது. குடித்த டம்ளரை அவன் மரியாதையாகக் கவிழ்த்துக்கூட வைத்தான்.

எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றான். உச்சி வெயில் வீட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் கண் எண்ணியது. கண்ணுக்குத் தெரியாத பக்கங்களையும் மனதில் சேர்த்துப் பதினொன்று, எல்லாம் ஒரே நிறம், ஒரே வீடு. சட்டைப்பையில் வெட்டிய கயிறும் அதன் நுனி மரக்குமிழும் உறுத்திக்கொண்டிருந்தன.

செந்துறை பஸ் வந்து நின்றது. "ஏறுறீங்களா, இல்லயா?" என்றார் கண்டக்டர். உத்திராபதி ஒரு கால் படியில் வைத்தபடி திரும்பிப் பார்த்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டை லேசாகத் தூக்கிக்கொண்டது. இடுக்கில் ஒரு விரல் தெரிந்தது. பட்டை விழுந்தது. பிறகு அதற்குக் கீழ்ப் பட்டை தூக்கியது. பிறகு அதற்கும் கீழே. விரல் ஒவ்வொரு பட்டையாக, அவசரமில்லாமல், கயிற்றைத் தேடிக்கொண்டு இறங்கியது.