ஒன்றரை அங்குலம்

மூன்றாவது நாளாகத் தங்கை போனில் அதே கேள்வியைக் கேட்டபோது, தையல்காரி வாயிலிருந்த குண்டூசியை எடுக்காமலே "ம்" என்று மட்டும் சொன்னாள். என்ன முடிவு பண்ணினாய் என்பதுதான் அவள் காதில் விழுந்த கேள்வி. தங்கைக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. அக்காவை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவள்தான். வலது முழங்காலுக்குள் மெத்தைபோல் இருந்தது தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரேயைக் காட்டினார் டாக்டர். தொடைக்குப் பயிற்சி செய்து பார்க்கலாம், ஊசி போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஒன்றுக்கும் மசியாவிட்டால் மூட்டையே மாற்றலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் இவள் காதில் தங்கியது.

'யோசித்துச் சொல்லுங்கள்' என்றதே அவளுக்கு உறுத்தியது. துணியைக் கெடுக்கப்போகிற தையல்காரன்தான் கழுத்து எப்படி வைக்கட்டும் என்று நம்மையே கேட்பான். அதிலும் கூடப் பிறந்தவள் ஏன் இப்படி விடாமல் அரிக்கிறாள்? ஆள் சேர்த்துவிட்டால் அங்கே அவளுக்கு நல்ல பேரோ என்னவோ. இவளோ முப்பது வருடமாகக் காலால் தையல் மெஷினை மிதித்தே பிழைத்தவள். கத்தி வைத்த பிறகு இந்தக் கால் மெஷினை மிதிக்குமா என்பதை மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அந்த வாரம் டீச்சர் ஒருவர் பேண்ட் தைக்க வந்தார். அதே ஆஸ்பத்திரியில் வலது மூட்டை மாற்றிக்கொண்டவர். இப்போது மாடி ஏறுகிறேன், கடைக்குப் போகிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல, இவள் காதில் வாங்காமல் இரண்டு தொடையையும் தனித்தனியாக அளந்தாள். வழக்கமாக ஒன்றைத்தான் அளப்பாள். வலது தொடை ஒன்றரை அங்குலம் குறைவு. பாவம் டீச்சர், சிரித்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் தங்கை நேரிலேயே வந்தாள்.

"உங்க ஆஸ்பத்திரியில மூட்டை மாத்துறாங்களா, இல்ல தொடையைச் செதுக்கி எடுக்குறாங்களாடி?"

விஷயத்தைக் கேட்ட தங்கை சிரிக்கவில்லை. அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை உருவி, அவளை நிற்கவைத்து இரண்டு தொடையிலும் சுற்றிப் பார்த்தாள். வலது ஒன்றரை அங்குலம் குறைவு.

"இறுக்கிப் பிடிச்சிருப்ப" என்று டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள் அக்கா. இரண்டு விரல் இடம் விட்டு, தொழில் சுத்தமாக, தானே அளந்தாள். அதே ஒன்றரை. ஊரில் பாதிப் பேரை அளந்தவள் தன்னை ஒருநாளும் அளந்ததில்லை. பழைய துணியை வைத்துத்தான் வெட்டிக்கொள்வாள்.

"உன்னை யாருக்கா செதுக்கினா?" என்றாள் தங்கை. மெஷினின் மிதிபலகையைக் காட்டினாள். இடது பாதம் படும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வலது பக்கம் தூசி. வலிக்குப் பயந்து ஊன்றாமல் விட்ட காலில் சதை வற்றத்தான் செய்யும், டீச்சருக்கும் கத்தி படும் முன்பே வற்றியிருக்கும், அதற்குப் பிறகும் அவர் பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஆபரேஷனுக்கா கூப்பிட்டேன்? பயிற்சிக்கு வர்றியான்னுதான் தினமும் கேக்குறேன். நீ என்னைக்கு முழுசா காது குடுத்த?"

"அதுக்கப்புறம் மெல்ல ஆபரேஷன்னு சொல்லுவீங்க."

"சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அது எனக்குத் தெரியாதுக்கா."

தெரியாது என்று ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தங்கை சொன்னபடி வலது காலை நீட்டித் தூக்கினாள். தொடை வெடவெடவென்று ஆடியது. பத்து எண்ணும்வரை இறக்கக் கூடாது என்று தங்கை எண்ண ஆரம்பித்தாள்.

நாலு வரும்போது செருப்பு நழுவி விழுந்தது. இருவரும் குனியவில்லை. தங்கை வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறாளோ என்று அக்காவுக்குப் பட்டது. காலை இறக்காமல், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.